கேட்டது என்னிடம் இல்லை

ஜனவரி 8, வியாழன்

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இது அம்மா வேலை செய்யும் இறால் கம்பெனி கொடுத்த டைரி. அட்டையில் மீசை வைத்த பெரிய இறால் ஒன்று என்னையே பார்க்கிறது. அதனிடம் கேட்டதாக இருக்கட்டும். எழுதும் அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் யாராவது விண்ணப்பம் நிரப்பித் தரச் சொன்னால்தான் பேனா வெளியே வரும். ஆனால் பேசப் போனால் எனக்கு வாய் வராது, எழுதினால் வரும். அதனால் சில பக்கங்களை வீணாக்கிக்கொள்கிறேன்.

பெயர் கொரற்றி. ஊர் தூத்துக்குடி. பி.காம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. இப்போது விடுப்பில் இருக்கிறேன், காரணம் கழுத்து. போன ஆகஸ்டில் இடது பக்கம் ஒரு கட்டி வந்தது. நெறிகட்டி என்றார்கள், பிறகு டி.பி. என்றார்கள், கடைசியில் வெட்டியெடுத்துச் சோதித்துவிட்டு லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். இருப்பதில் இது நல்ல வகை என்று மதுரையில் டாக்டர் சந்தானகிருஷ்ணன் அம்மாவிடம் சொன்னார். புடவைக் கடையில் சொல்வதுபோல இருந்தது.

நவம்பரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். வரும் திங்கட்கிழமை ஸ்கேன். மருந்துக்கு நோய் அடங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அடங்கினால் இதே மருந்து. இல்லாவிட்டால் இன்னும் வலுவானது, ஆஸ்பத்திரியிலேயே தங்கி. அந்த மருந்தைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றை இன்று எழுத விருப்பமில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

சோறு கிடையாது, இட்லி கிடையாது, பழம் கிடையாது. ஸ்கேனுக்கு முந்தின நாள் மாவும் சர்க்கரையும் ஆகாது. முட்டையும் சீலா மீனும் மட்டும் சாப்பிட்டேன். பிரான்சிஸ் மாமா, அம்மாவின் தம்பி, மீன் கொண்டுவந்தார். என் தலையைப் பார்த்து, "ஷாம்பூ செலவு மிச்சம், சீப்பு செலவு மிச்சம், நீதான்ட்டி இந்த வீட்டுல சிக்கனம்" என்றார். முடி போனதிலிருந்து நேராகப் பார்த்துப் பேசும் ஒரே ஆள் அவர்தான்.

கோயிலிலிருந்து திரும்பிய நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் என் தலைக்கு மேலே அம்மாவிடம் கேட்டார்கள், கொரற்றி எப்படியிருக்கா, சாப்பிடுதாளா, தூங்குதாளா என்று. அம்மா எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னாள். "எம்பிள்ள எதையும் தாங்கிருவா." அதைச் சொல்லும்போது அம்மாவின் கழுத்து சற்று நிமிரும். நான் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னபோதுகூட அவ்வளவு நிமிரவில்லை.

அப்பா நான் ஏழாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா கம்பெனியில் நிற்கிறாள். ஐஸ் தண்ணீரில் கை விட்டு இறால் உரிக்கும் வேலை. வீட்டுக்கு வந்ததும் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்வாள். குடிக்க மாட்டாள். ஆறிப்போகும்வரை பிடித்துக்கொண்டே இருப்பாள். பிறகு ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அம்மாவிடம் ஒன்று கேட்கவேண்டும். இன்று வேண்டாம்.

ஜனவரி 12, திங்கள்

மதுரைக்கு மாமாவின் மீன் வண்டியில் போனோம். முன் இருக்கையில் மூன்று பேர். என் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. விடியும் முன் கிளம்பியதால் காற்று நேரே காதில் அடித்தது. தலையில் கட்டியிருந்த துணி பறந்துகொண்டே இருந்தது. மாமா இரண்டு முறை கேட்டார், கண்ணாடிக்கு அட்டை வைத்து அடைக்கட்டுமா என்று. வேண்டாம், பரவாயில்லை என்றேன்.

ஸ்கேன் சென்டரில் சீருடை போட்ட அக்கா ஒருத்தி கையில் ஊசிக்குழாய் பொருத்தினாள். ஈயப் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தார்கள். அது ஒருவகைச் சர்க்கரைதான், கதிர்வீச்சு ஏற்றியது. புற்றுநோய் செல்களுக்குப் பசி அதிகம், சர்க்கரையை வாரி எடுக்கும், எடுத்த இடம் படத்தில் மின்னும். ஏற்றிய பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் அசையாமல் இருக்கவேண்டும். எதையும் வாயில் போட்டு மெல்லக் கூடாது, செல்போன் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பேசினால் தொண்டைத் தசை மின்னுமாம். பேசக் கூடாது என்று எனக்கு மருத்துவமே உத்தரவு போட்டதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

முதல் ஸ்கேன் அக்டோபரில் எடுத்தபோது இந்த அறையில் ஏசி பழுதாகி மேசை விசிறி வைத்திருந்தார்கள். இப்போது புது ஏசி. நாற்காலிக்கு நேர் மேலே அதன் வாய். மெல்லிய பச்சை விரிப்பு ஒன்று கொடுத்தார்கள், முட்டிவரை வந்தது. குளிர் ஒன்றும் பெரிதாக இல்லை. பல் மட்டும் தானாகத் தட்டிக்கொண்டது. நாக்கை இடையில் வைத்து நிறுத்திப் பார்த்தேன். விரல் நகம் ஊதாவாகியிருந்தது, அதை விரிப்புக்குள் மறைத்துக்கொண்டேன். அக்கா கதவைத் திறந்து, எல்லாம் சரியா என்று கேட்டாள். தலையாட்டினேன். பேசக் கூடாது என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

படம் எடுத்து முடித்து வெளியே வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கே படம் பார்க்கும் டாக்டர் நஜீமா வெளியே வந்தார். சிறிய உருவம், பெரிய கண்ணாடி. அம்மாவைப் பார்த்துக் கேட்டார், பெண்ணுக்கு உள்ளே குளிராக இருந்ததா, நடுங்கினாளா என்று.

"குளிரா? எங்களுக்கா?" என்று அம்மா சிரித்தாள். "நா ஐஸ்லயே கைய வச்சி நிக்கிறவ டாக்டர். எம்பிள்ளைக்குக் குளிரெல்லாம் ஒண்ணும் செய்யாது. எதையும் தாங்கிருவா."

டாக்டரும் சிரித்தார். ஏதோ எழுதிக்கொண்டு உள்ளே போனார். நான் என் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தையல் விட்டிருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

தோள் வலி. எதையோ தூக்கிச் சுமந்ததுபோல.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அடுத்த வீட்டு ஜெனோவா அக்கா தன் பையனின் உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தாள். நிரப்பிக் கொடுத்தேன். போகும்போது, "படிச்ச பிள்ள வீட்டுல இருந்தா எவ்வளவு உதவி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரி 16, வெள்ளி

டாக்டர் சந்தானகிருஷ்ணன் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பெண், கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கியபடி. அது நான். மின்னும் இடம் இந்தப் படத்தில் கறுப்பாகத்தான் விழுமாம். மூளை மின்னியது, இதயம் மின்னியது, அவையெல்லாம் இயல்புதானாம். மார்புக்குள் இருந்த பெரிய கட்டி அணைந்த அடுப்புபோல மங்கியிருந்தது. ஆனால் கழுத்தின் இரண்டு பக்கமும், தோள்வரை, கறுப்பாக, அடர்த்தியாக.

ஈரலை அளவாக வைத்து ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடுவார்களாம். ஈரலைவிடக் குறைவாக மின்னினால் நல்லது. எனக்கு நான்கு. குறைவாக வாங்கினால் பாஸ் ஆகும் பரீட்சை எழுதுவது இதுதான் முதல் தடவை.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார், அம்மாவுக்கு. கழுத்திலும் தோளிலும் ஒருவகைப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. உடம்பு குளிரில் நடுங்கினால் அது சர்க்கரையை எரித்துச் சூடு தரும், படத்தில் அதுவும் இப்படித்தான் தெரியும். ஆனால் குளிர் இல்லை என்று ஸ்கேன் சென்டரில் குறித்திருக்கிறார்கள். இடது பக்கமோ பழைய கட்டி இருந்த அதே இடம். அதை நோய் இல்லை என்று விட்டுவிட அவருக்குத் துணிவில்லை. வலுவான மருந்துக்கு மாறுவது பாதுகாப்பு.

அம்மா யோசிக்கவே இல்லை. வலுவானதையே கொடுங்கள் என்றாள். அவர் தயங்கித் தயங்கி, பிற்பாடு குழந்தை உண்டாவது கடினமாகலாம், அதை யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் அம்மாவிடம்.

"முதல்ல உசிரு டாக்டர். அவ தாங்கிருவா."

வரும் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்குவதாக முடிவானது. ஏஜென்சி வேலை இனி இருக்காது. குழந்தை வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. இரண்டில் ஒன்றை ஒருநாள் நானே சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அறையில் நானும் இருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 17, சனி

தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிரப்பினேன். அம்மா பிடுங்கப் பிடுங்க விடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

அன்று குளிர்ந்ததா இல்லையா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. எங்கள் வீட்டு அளவுக்கு அது குளிர் இல்லை. அம்மா நிற்கும் இடத்தில் பகல் முழுவதும் காலடியில் ஐஸ் கரைந்து ஓடும். ஒரு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்ததற்குக் குளிர் என்று பேர் வைத்தால் அம்மா நிற்பதற்கு என்ன பேர்? மருந்துக்குப் பயந்து நானே குளிரைக் கற்பனை செய்கிறேனோ? கழுத்தில் இருப்பது நோயாகவே இருந்தால், குளிர்ந்தது என்று சொல்லி நானே என்னைக் கொன்றுகொள்வேனோ?

செருப்பைத் தைத்தேன்.

ஜனவரி 19, திங்கள்

அம்மா செல்போனை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. நோயாளியின் அம்மாவிடம் பேசவேண்டும், புதன்கிழமை வருவதை உறுதிசெய்ய வேண்டும் என்றாள் ஒரு பெண். நான்தான் நோயாளி என்றேன். "வீட்ல பெரியவங்க இருந்தா குடுங்கம்மா" என்றாள்.

மாஸ்க் போட்டுக்கொண்டு செல்போனோடு கம்பெனிக்கு நடந்தேன். நான் உள்ளே போனதே கிடையாது. படித்த பிள்ளை இந்த வாடைக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். காவலாளி தெரிந்தவர், விட்டுவிட்டார். பிளாஸ்டிக் திரையை விலக்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது.

நீள மேசைகள். இரண்டு பக்கமும் பெண்கள், எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி. அம்மாவைத் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஏனென்றால் எல்லோரும் ஒரே மாதிரி நின்றார்கள். ஒருத்தி விடாமல் அத்தனை பேரும் தோளைக் காதுவரை தூக்கி வைத்திருந்தார்கள். கழுத்தே தெரியவில்லை. கை மட்டும் தனியாக வேலை செய்தது. திரையில் நான் மின்னிய அதே இடத்தைத்தான் அவர்கள் எல்லோரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது மேசையில் அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்த அந்தக் கணத்தில் தோளை இறக்கிவிட்டாள். சிரித்தபடி நிமிர்ந்து வந்தாள். "இங்க எதுக்குட்டி வந்த, கிருமி கிருமின்னு டாக்டர் சொன்னாவல்லா" என்று திட்டினாள். செல்போனை வாங்கிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது தோள் மறுபடி மேலே ஏறியிருந்தது.

அன்று ஸ்கேன் அறையில் எனக்குக் குளிர்ந்தது. ரொம்பக் குளிர்ந்தது. எங்கள் வீட்டு அளவு தப்பு.

அம்மாவிடம் கேட்க வைத்திருந்ததை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் வேறொருவரிடம் பேசவேண்டியிருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். எழுத்தில் சிறிதாகத் தெரிகிறது. காலையிலிருந்து எண்ணை அழுத்துவதும் வெட்டுவதுமாக இருந்தேன். ஏஜென்சியில்கூட வெளி ஆட்களிடம் பேசும் வேலையைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுகிறவள் நான். கடைசியில் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே பேசினேன். கைக்கு வேலை இருந்தால் வாய் வருகிறது.

டாக்டர் நஜீமாவே எடுத்தார். பெயரையும் தேதியையும் சொல்லிவிட்டு, "அன்னைக்கு எனக்குக் குளிருச்சு டாக்டர். ரொம்ப" என்றேன்.

"நான் கேட்டேனேம்மா?"

"கேட்டீங்க. கேட்டது என்கிட்ட இல்ல."

  அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். "சரி. இப்ப உங்ககிட்ட கேக்குறேன், சொல்லுங்க" என்றார்.

வண்டிக் கண்ணாடியிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். பல் தட்டியது, நகம் ஊதாவானது, நாக்கை இடையில் வைத்தது. ஆறுதலாக அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கொழுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இடது பக்கத்தில் அதற்கு அடியில் நோயும் ஒளிந்திருக்கலாம், உடம்பைச் சூடாக வைத்து மறுபடி எடுத்தால்தான் தெரியும் என்றார். சந்தானகிருஷ்ணன் டாக்டரிடம் தானே பேசுவதாகவும், ஆனால் முடிவு அங்கேதான் என்றும் சொன்னார். நாளைக்கு அந்த அறையில் இதை நீங்களே சொல்லவேண்டியிருக்கும் என்றார்.

போனை வைத்த பிறகு பார்த்தேன், ஒரே தாவணியை மூன்று முறை உதறியிருக்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரிக்கான பையில் என் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டில் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

படுக்கை தயாராக இருந்தது. பையோடு அம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள். டாக்டரிடம் நஜீமா டாக்டர் பேசியிருந்தார். சந்தானகிருஷ்ணன் டாக்டர் அம்மாவைப் பார்த்து, அன்று குளிர் இருந்ததாகச் சொல்கிறார்களே என்று தொடங்கினார். அம்மா உடனே, அதெல்லாம் இல்லை, அப்படி யார் சொன்னது என்றாள்.

"நான்தான்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னாள். "பயந்துட்டா டாக்டர். நேத்துலருந்தே மொகம் சரியில்ல. நீங்க ஏத்துங்க, தாங்கிருவா."

"பயம்தான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக, கொஞ்சம் கீச்சென்று இருந்தது. "ஆனா தாங்குதேன்னு ஏத்துறதுக்கு நா லாரி இல்லம்மா. தேவைன்னா ஏத்தட்டும். தேவையான்னு மொதல்ல பாக்கட்டும்."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். சக்கரம் கிறீச்சிட்டது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவருடைய கண்ணைப் பார்த்தேன். பழுப்பு நிறம். நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். வலுவான மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. சூடாக வைத்து மறுபடி ஒரு படம் எடுங்கள், அதில் மின்னினால் நானே கையெழுத்துப் போடுகிறேன், அம்மா போடவேண்டாம் என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நோயாக இருந்தால் காத்திருக்கும் நாளில் அது வளரும் என்பதை ஒளிக்காமல் சொன்னார். தெரியும் என்றேன். இதற்கிடையில் வழக்கமான மருந்து தள்ளிப்போவதையும் சொன்னார். தெரியும் என்றேன். ஒரு வாரம் தந்தார். அதற்கு மேல் ஒருநாள்கூடக் கிடையாது.

செலவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் எப்போதும் அந்தப் பேச்சுதான், டைரியாவது ஓய்வாக இருக்கட்டும்.

திரும்பும்போது வண்டிக் கண்ணாடிக்கு மாமா அட்டை வைத்து அடைத்திருந்தார். கண்ணாடிக்கு மாமா அட்டை வைத்து அடைத்திருந்தார்.

"அவ்வளவு பெரிய டாக்டரு முன்னால என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டல்லா."

"நீ பொய் சொல்லலம்மா. ஒனக்குத் தெரியாது. நீயும் என்கிட்ட கேக்கல."

மாமா ரேடியோவைப் போட்டார். ஏதோ விளம்பரம் ஓடியது. யாரும் மாற்றவில்லை.

ஜனவரி 22, வியாழன்

அம்மா பேசவில்லை. தட்டில் மீனின் நடுத்துண்டு எனக்குத்தான் வந்தது.

ஜனவரி 24, சனி

பேசவில்லை. குளித்துவிட்டுக் கண்ணாடியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு மறுபடி தொட்டேன். நான் சொன்னது தப்பாக இருந்தால் அதற்கும் நானே பொறுப்பு. விசித்திரம் என்னவென்றால், பயமாக இருக்கிறதே தவிர, சொன்னதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

ஜனவரி 26, திங்கள்

மறுபடி முட்டையும் மீனும். வெயிலில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். வாசலில் ஸ்வெட்டர் போட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் அம்மாவிடம், அவளுக்கு என்ன ஆச்சு என்றார்கள். அம்மா, "அவ இருக்காள்லா, அவட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அவர்கள் என்னிடம் கேட்டார்கள். பதில் சொன்னேன்.

ஜனவரி 27, செவ்வாய்

விடியும் முன் கிளம்பும்போது அம்மா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தாள். பிரித்தால் நீல நிறத்தில் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ஜாக்கெட். கம்பெனியில் மைனஸ் குளிரறைக்குள் பெட்டி எடுக்கப் போகிறவர்கள் போடுவது. இறால் உரிக்கும் பெண்களுக்கு அது கிடையாது.

மாமாதான் கதையைச் சொன்னார். அம்மா நேற்று சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவன் தரமுடியாது என்றிருக்கிறான். அத்தனை மேசைக்கும் கேட்கும்படி, "எம்பிள்ளைக்குக் குளுருதாம், குடுக்கப் போறியா இல்லியா" என்றிருக்கிறாள். எத்தனையோ வருடத்தில் அம்மா அங்கே வாய்திறந்து கேட்ட முதல் பொருள் இதுதானாம். "ஸ்கேன் எடுக்கப் போறாவளா, இல்ல எவரெஸ்ட்ல ஏத்தப் போறாவளா" என்று மாமா வழியெல்லாம் சிரித்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஜாக்கெட்டுக்குள் இருந்தேன். இறாலும் பினாயிலும் கலந்த வாடை. அம்மா வீட்டுக்கு வந்ததும் அடிக்கும் அதே வாடை.

டாக்டர் நஜீமா வாசலிலேயே நின்று என்னிடம் கேட்டார், இப்போது குளிர்கிறதா என்று. இல்லை என்றேன். கொழுப்பை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள், ஹீட்டர் வைத்தார்கள், ஏசியை அணைத்தார்கள். ஊசி போட்டு அறையில் விட்ட பிறகு சீருடை அக்கா பேசக் கூடாது என்று ஞாபகப்படுத்தினாள். கதவருகே போனவளைக் கைதட்டிக் கூப்பிட்டேன். காலைக் காட்டினேன். பாதம் சில்லென்று இருந்தது. அவள் ஒரு கம்பளி கொண்டுவந்தாள். இன்னொன்று என்று விரலைக் காட்டினேன். அதையும் கொண்டுவந்தாள். கேட்டால் கொடுக்கிறார்கள். இவ்வளவு எளிது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உலோக ஜிப் என்பதால் எந்திரத்துக்குள் போகும்முன் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார்கள். வெளியே அம்மா அதை வாங்கி மடியில் வைத்து, எந்திரம் ஓடிய நேரமெல்லாம் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்ததாக மாமா சொன்னார்.

ஜனவரி 30, வெள்ளி

டாக்டர் சந்தானகிருஷ்ணன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாற்காலி முன்கூட்டியே என் பக்கம் திரும்பியிருந்தது. இடது பக்கம் பன்னிரண்டாம் தேதி. வலது பக்கம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைப் பெண்ணுக்குக் கழுத்து இருந்தது. வெறும் சாம்பல் நிறக் கழுத்து, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாமல்.

மார்பில் மட்டும் மங்கலாக ஒரு தடம் மிச்சம். மதிப்பெண் இரண்டு. நோய் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, மருந்துக்கு அடங்குகிறது என்றுதான் அர்த்தம் என்றார். பழைய மருந்தே தொடரும், இன்னும் நான்கு மாதம். வாந்தியும் ஊசியும் எல்லாம் அப்படியே. திங்கட்கிழமை அடுத்தது.

நான் சிரித்திருக்கவேண்டும். அம்மா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு மார்க்குக்கா இந்தச் சிரிப்பு?"

பத்து நாளுக்குப் பிறகு அம்மா என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

ஜனவரி 31, சனி

ஏஜென்சிக்கு எழுதினேன், ஜூன் மாதம் வருகிறேன், என் மேசையை யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று. தயவுசெய்து என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். தயவு இருக்கட்டும், மேசை வேண்டும்.

ஜாக்கெட்டை அம்மா துவைத்துக் காயப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். மாலை வேலை முடிந்து வந்தவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். தேநீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

கொடியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துவந்து அவள் தோளில் போட்டேன். உதறப் போனாள்.

"எனக்கெதுக்குட்டி இது. நா என்ன ஒன்னய மாதிரியா, எனக்கெல்லாம்..."

அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். முடிக்க விடவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து, டம்ளரோடு சேர்த்து அவள் கை இரண்டையும் பிடித்தேன். டம்ளர் சுட்டது. விரல்கள் இன்னும் சில்லென்றுதான் இருந்தன. எவ்வளவோ நாளாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஒனக்கும் குளுருதுன்னு ஒரு தடவ சொல்லும்மா."